புளி போட்டுத் தேய்த்த ஜாடி

காமினிக்குத் தலைக்கனம் என்றுதான் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் கல்யாணத்துக்கு வந்தவள், பிரியாணி பரிமாறுவதற்குள் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரமாச்சு லைலா, மேடம் தனியா இருப்பாங்க லா" என்று சொல்லிவிட்டு, கை நனைக்காமல் டாக்சியில் ஏறிப் போய்விட்டாள். பதினாலு வருஷம் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் அப்பக் கடை இருக்கிற சௌராஸ்தா பசாருக்கே தெரியும். சீமாட்டி வீட்டில் வேலை பார்த்தால் தானும் சீமாட்டி என்ற நினைப்பு என்று வாய்க்கு வந்தபடி வைதேன். அவள் எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழித்தேன். அப்புறம் அவள் கூப்பிடவும் இல்லை, நான் தேடவும் இல்லை.

அவள் கதையைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், இதுதான் தகுதி. அவளைத் தப்பாக நினைத்தவர்கள் வரிசையில் முதலில் நிற்பவள் நான்.

எங்கள் சிநேகம் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஆரம்பித்தது. பிஸ்கட் டின் செய்யும் தொழிற்சாலை. நான் மூடி அழுத்தும் மிஷினில் நிற்பேன். அவள் எனக்கு அடுத்து நின்று நசுங்கின மூடிகளைப் பொறுக்கி எடுப்பாள். நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு மூடி கண்ணுக்குத் தப்பிப் போய்விட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. சூப்பர்வைசர் போடும் சத்தத்தை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒருமுறை ஏதோ சாமான் களவு போய்விட்டது என்று எங்கள் வரிசையில் எல்லோர் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். காமினி பையில் ஒரு சீப்பும் விபூதிப் பொட்டலமும்தான் இருந்தன. ஆனாலும் ஒரு வாரம் அவள் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே பெருமை விளக்குத் தேய்ப்பது. தீபாவளிக்கு முந்தின வாரம் தொழிற்சாலை ஹாஸ்டலில் இருந்த பெண்கள் எல்லாம் தங்கள் குத்துவிளக்கை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். புளியை ஊறவைத்துப் பிசைந்து, கல்லுப்பு ஒரு சிட்டிகை போட்டு, தேங்காய் நாரால் தேய்ப்பாள். அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது என்பாள். அவள் தேய்த்த விளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். என் உம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தைக்கூட அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள். உம்மா சாகும்வரை, அந்தக் கைக்காரிப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாயிரத்தொன்றில் தொழிற்சாலையை மூடினார்கள். நான் வீட்டுக்காரரோடு கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து அப்பக் கடை போட்டேன். காமினிக்கு அப்போது முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா அக்கரையிலேயே சுங்கை பாக்காப்பில் தம்பி குகன் வீட்டில் இருந்தார். அங்கே இவளுக்குப் படுக்க இடம் இல்லை. தொழிற்சாலைக் கிளார்க் ஒருவர் சொல்லி, தீவில் ஜாலான் கெலவாய் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரம்மா சீனர், விதவை. ஒரே மகள் ஐரீன் பெர்த்தில் இருந்தாள். ஏழு அறை, அந்த மேடமும் இவளுமாக இரண்டே பெண்கள், வாசலில் ஒரு பெரிய இரும்பு கேட். அந்தக் கேட்டுக்குள் போன காமினி இருபத்திரண்டு வருஷம் வெளியே வரவில்லை என்றே சொல்லலாம்.

போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கடைக்கு எதிரே ஒரு பெண் நின்றாள். வாங்கவும் இல்லை, நகரவும் இல்லை. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. "என்னா வேணும்?" என்று எரிச்சலோடு கேட்ட பிறகுதான் ஆளைத் தெரிந்தது.

"மேடம் செத்துட்டாங்க லைலா," என்றாள் காமினி.

"எப்போ?"

"மார்ச்சு மாசம்."

மூன்று மாதம். மகள் பெர்த்திலிருந்து வந்து காரியத்தை முடித்துவிட்டு, வீட்டை விற்கிறவரை பார்த்துக்கொள் என்று சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று மாதமும் இவள் ஏழு அறையையும் தினம் கூட்டித் துடைத்திருக்கிறாள். சமைக்கும்போது அரிசியை இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறாளாம். மத்தியானம் டிவியில் மேடம் பார்க்கும் ஹொக்கியன் சீன நாடகத்தைப் போட்டுவிட்டு, மேடம் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்க்கிறாளாம். என் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி இரண்டு அப்பம் வைத்தேன்.

"வியாழக்கிழமை கோலாலம்பூர்லேருந்து ஏலம் போடுற கம்பெனி ஆளு வர்றாங்க. சாமானெல்லாம் பார்த்து எடுத்துட்டுப் போக. ஐரீனும் வர்றாங்க. நீ எங்கூட வந்து இருக்கியா?"

"நான் எதுக்குடி?"

"என்னத் திருடின்னு சொல்லுவாங்க. அப்ப பக்கத்துல ஒரு ஆளு வேணும்."

கரண்டியைக் கீழே வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒருவரிடமும் சொல்லாததை, அப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டு, அவள் என்னிடம் சொன்னாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு பதித்திருக்கிறார்கள். அதன் முன்னால் பளிங்குப் பலகை போட்ட மேசை. மேசையில் ஓரத்துக்கு ஒன்றாக ஒரு ஜோடி பீங்கான் ஜாடி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் செய்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் மேடத்தின் மாமனார் வாங்கியதாம். "இந்த வீட்டில் எது உடைந்தாலும் உடையட்டும், இது ரெண்டும் ஜோடி, ஜாக்கிரதை" என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். பார்த்தால் பூ ஜாடி, ஆனால் அதில் ஒருவரும் ஒரு நாளும் பூ வைத்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் சீனப் புத்தாண்டுப் பெருநாள் நெருங்கியது. மேடம் ஈப்போவில் இருந்த அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் போனார். போகும்போது, வீடு பளபளவென்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புது இடம், நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. எல்லாவற்றையும் துடைத்தாள். ஜாடியில் இருந்த தங்கப் பூச்சு மட்டும் மங்கிக் கிடந்தது. மங்கினதைப் பார்த்ததும் கைக்காரிக்குக் கை குறுகுறுத்திருக்கிறது. நேராக அடுப்படிக்குப் போய்ப் புளியை ஊறவைத்தாள்.

முன்பக்கத்தில் படம் வரைந்திருந்தது. அதில் கை வைக்கப் பயந்து, வலப்பக்க ஜாடியின் பின்பக்கத்தில் ஆரம்பித்தாள். அங்கே யாழ் மாதிரி ஒரு வாத்தியம், சுற்றிலும் இலை மாலை, எல்லாம் தங்கத்தில். தேங்காய் நாரைப் போட்டு, அழுத்தாமல் விடாமல் தேய்த்தாள். முதலில் பளபளவென்றுதான் வந்ததாம். தண்ணீர் விட்டுக் கழுவினாள். பாதி யாழைக் காணோம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குத்துவிளக்கு என்றால் உள்ளே வெளியே எல்லாம் பித்தளை, தேய்க்கத் தேய்க்கப் பித்தளைதான். இங்கே தங்கம் மேலே பூசின தோல் என்று மாக் மண்டினில் மூடி பொறுக்கினவளுக்கு யார் சொன்னார்கள்?

"புளித்தண்ணியில தங்கம் மினுமினுன்னு மிதந்துச்சு லைலா. சுரண்டி வித்துட்டேன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன். துணியில வடிகட்டி எடுத்து வெச்சிருக்கேன்."

பையிலிருந்து சின்னத் தைல பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அடியில் பழுப்பாய் ஏதோ காய்ந்து கிடந்தது. வெயிலில் சாய்த்தால் எங்கோ ஒரு பொடி மின்னியது. இருபத்திரண்டு வருஷம் அதைத் தன் தலையணை உறைக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

பின்பக்கம்தானே, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் முடிந்தது என்று நினைக்கலாம். சுவரில்தான் கண்ணாடி இருக்கிறதே. கூடத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முன்பக்கமும் படும், கண்ணாடியில் பின்பக்கமும் படும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். காமினி ஓடிப்போய், மாடியில் மாட்டியிருந்த மேடத்தின் கணவர் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். பெரிய சட்டம் போட்ட படம். அதை வலப்பக்க ஜாடிக்குப் பின்னால் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். மனிதர் ஜாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போல் இருந்ததாம்.

மேடம் வந்தார். "சார் ஏன் கீழே வந்துட்டார்?" என்று கேட்டார்.

"மேல புழுக்கமா இருக்கு மேடம். இங்க ஃபேன் காத்து நல்லா வருது," என்றாள் இவள்.

மேடம் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரி என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அதற்கு நாலு நாள் கழித்துத் தைப்பூசம். காமினி விடுப்புக் கேட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனாள். படி ஏறி நின்று வேண்டிக்கொண்டாள். "போன தங்கம் வர வேணாம் முருகா, மேடம் கண்ணு அந்தப் பக்கம் போகாம இருந்தாப் போதும்." அடுத்த வருஷத்திலிருந்து அதற்காகவே பால்குடம் எடுத்தாள், ஒரு வருஷம் விடாமல். கொரோனா வந்து கோயிலை மூடியிருந்த வருஷம் வீட்டுக் கேட்டுக்குள்ளேயே பால் செம்பைத் தலையில் வைத்து மூன்று சுற்று நடந்தாளாம். "உன் முருகனுக்கு வேற வேலையே குடுக்கலியாடி நீ?" என்று கேட்டேன். சிரிக்க வைக்கத்தான் கேட்டேன், அவள் சிரிக்கவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவள் வழிக்கே வரவில்லை. விடுப்பு எடுத்தால் ஏஜென்சியிலிருந்து மாற்றாள் வருவாள், தூசி தட்டப் படத்தை நகர்த்துவாள். அதனால் தைப்பூசத்தன்று அரைநாளைத் தவிர விடுப்பே எடுக்கவில்லை. தம்பி மகள் தனுஜா கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம். பெற்ற அம்மா சாவுக்கு ஒரு பகல், அன்றைக்கே ஃபெரியில் திரும்பிவிட்டாள். என் மகள் கல்யாணத்துக்கு அரை மணி. மூன்று தடவை அவள் கடிகாரம் பார்த்ததை நான் எண்ணி வைத்திருந்தேனே தவிர, ஏன் பார்க்கிறாள் என்று கேட்கவில்லை.

சிவநேசன் சங்கதி இன்னும் மோசம். எங்கள் பழைய தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனிதர், மனைவியை இழந்தவர், தங்கமான குணம். இரண்டாயிரத்து நாலில் காமினியைக் கட்டிக்கொள்கிறேன் என்று என்னைத்தான் தூது அனுப்பினார். கேட்டில் நின்றபடியே அவளிடம் கேட்டேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "அவருக்கு என்ன புடிச்சிருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தாள். "வேணாம் லைலா" என்றாள். காரணம் சொல்லவில்லை. அவர் ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டினார். இப்போது சுங்கை பட்டாணியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

"அந்த அம்மா ஒரு நாள்கூடவா பின்னால பார்க்கல?" என்று கேட்டேன்.

"ஒருதடவை பெருநாளைக்கு வந்த சொந்தக்காரப் பையன் படத்தத் தூக்கிட்டான். என் உசுரே போயிடுச்சு. மேடமே சத்தம் போட்டாங்க, அவரு அங்கேயே இருக்கட்டும், எடுக்காதேன்னு. முருகன்தான் சொல்ல வெச்சான்."

அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டேன். சொல்ல ஒன்றும் இல்லை என்றாள். மேடம் பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடுவார். இவள் அடுப்படியில் சாப்பிடுவாள். நடுவில் ஒரு சுவர். கரண்டிச் சத்தம் நின்றால் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று இவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொள்வார்கள், அதுவும் தேவைக்குத்தான். கடைசி நாலு வருஷம் மேடத்துக்குக் கண் மங்கிவிட்டது. அப்போதாவது இவள் பயத்தை விட்டிருக்கலாம். அதற்குள் பயம் பழக்கமாகிவிட்டது. அந்த நாலு வருஷமும் மேடம் இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவார். "எம்பேரு மறந்துபோச்சு அவங்களுக்கு. ஆனா கையப் புடிச்சா விடமாட்டாங்க லா," என்றாள்.

வியாழக்கிழமை கடையை மூடிவிட்டுப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேட்டைத் தாண்டி நான் உள்ளே போனது அன்றைக்குத்தான். அந்த ஜாடிகளையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். சண்டைக்காரியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன், இருந்தாலும் அழகு அழகுதான். முழங்கை உயரம். சதுரப் பீடத்தின் மேல் ஒடுங்கின கால், அதன் மேல் வெள்ளைப் பீங்கான் உடம்பு. இரண்டு பக்கமும் கைப்பிடிக்குப் பதில் வளைந்த கழுத்தோடு தங்க அன்னங்கள். ஒன்றில் வெள்ளைத் துணி போர்த்திய பெண் ஒருத்தி யாழை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வாசிக்கவில்லை, சும்மா வைத்திருந்தாள். இன்னொன்றில் ஓர் ஆள் ஆட்டோடு நின்றான். வலப்பக்க ஜாடிக்குப் பின்னாலிருந்து மேடத்தின் கணவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐரீன் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும், களைத்த முகம், மரியாதையான பெண். ஏலக் கம்பெனி ஆள் பெயர் ஐமான். கோலாலம்பூர்த் தமிழ் முஸ்லிம் பையன், முப்பது முப்பத்தைந்து வயது. எனக்கு ஸலாம் சொல்லிவிட்டுத் தமிழிலேயே பேசினான். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, முதலில் இடப்பக்க ஜாடியைப் பார்த்தான்.

"அந்தக் காலத்துல பிரான்ஸ்காரங்களுக்குப் பழைய கிரேக்க சாமான், ரோம் சாமான்னா பைத்தியம்கா. இந்த வடிவம், அன்னம், யாழ், எல்லாம் அங்கேருந்து எடுத்ததுதான்," என்றான். காமினி கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

அவன் வலப்பக்கம் வந்தான். "இந்தப் படத்தக் கொஞ்சம் எடுத்துக்கவா?"

"நான் எடுக்குறேன்," என்றாள் காமினி.

படத்தை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பாதி யாழ் தெரிந்தது. மீதிப் பாதி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. ஐமான் டார்ச்சை அணைத்தான். காமினி படத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். மேசைக்குப் போய், ஐரீன் முன்னால் அந்தத் தைல பாட்டிலை வைத்தாள். மலாயில்தான் சொன்னாள், எனக்குப் புரிந்தது. நான்தான் செய்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். தங்கத்தை விற்கவில்லை, எல்லாம் இதற்குள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகூட எடுத்து வைத்திருந்தேன்.

ஐமான் தன் காகிதத்தைப் புரட்டினான். "அக்கா, இது லிஸ்ட்லயே இருக்குகா," என்றான்.

"எந்த லிஸ்ட்டு?"

"மேடம் இன்சூரன்சுக்காக எழுதி வெச்ச லிஸ்ட். ரெண்டாயிரத்து ரெண்டுல."

ஐரீன் காமினியை ஆச்சரியமாகப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். பிறகு ஒரு தாளை எடுத்தாள். அதன் ஓரத்தில் துண்டுச் சீட்டு ஒன்று குத்தியிருந்தது. மேடத்தின் கையெழுத்து, ஆங்கிலம். ஐரீன் வாசித்தாள். காமினி திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து ஐமான் அதைத் தமிழில் சொன்னான்.

"வலப்பக்க ஜாடி, பின்பக்கம் தங்கம் போய்விட்டது. காமினி புளியால் தேய்த்திருக்கிறாள், வாசனை இன்னும் இருக்கிறது. இதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் போய்விடுவாள்."

"தேதி?" என்று கேட்டாள் காமினி.

அவன் சொன்னான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்குத் தைப்பூசம், லைலா."

இவள் படியேறிப் போய், மேடம் கண் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்ற அதே நாளில், மேடம் படத்தை நகர்த்திப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். ஒரே கூடத்தில், ஒரே ஜாடியை, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி இருபத்திரண்டு வருஷம் காவல் காத்திருக்கிறார்கள்.

ஜாடிகளைச் சுற்றிக் கட்டி மரப்பெட்டியில் வைத்தார்கள். மேசையில் இரண்டு சதுரத் தடம் இருந்தது. காமினி துணியை எடுத்து அதைத் துடைத்தாள். பிறகு எல்லோருக்கும் டீ போட அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"தெரிஞ்சே உன்னக் கட்டிப் போட்டு வெச்சிருந்திருக்கா அந்தப் பொம்பள! ஒரு வார்த்தை, பரவால்ல காமினின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ சிவநேசனக் கட்டியிருப்ப. உன் அம்மாவுக்குக் கடைசித் தண்ணி ஊத்தியிருப்ப. உனக்குன்னு ஒரு வீடு, ஒரு புள்ள. இதுக்குப் பேரு நல்ல மனசா? சுயநலம்டி, சுத்த சுயநலம்!"

காமினி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். குழாயை மூடினாள்.

"நான் போயிடுவேன்னு ஒரு ஆளு பயந்திருக்காங்க லைலா," என்றாள். "என் ஆயுசுல வேற யாரு பயந்தா?"

தம்பி படுக்க இடம் இல்லை என்றான். சிவநேசன் ஒரு வருஷம் பார்த்துவிட்டு வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார். நானோ ஒரு பிரியாணிக்காக அவள் போன் எண்ணையே அழித்தேன். அவள் போய்விடுவாளே என்று நாங்கள் ஒருத்தரும் பயப்படவில்லை. அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அந்த அடுப்படியில் நின்று நான் அழுதேன். அவள் எனக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது ஐரீன், வீட்டிலிருந்து உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்றாள். டிவியையோ ஃப்ரிட்ஜையோ கேட்பாள் என்று நினைத்திருப்பாள். காமினி அந்தத் துண்டுச் சீட்டைக் கேட்டாள். ஐமான் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, குண்டூசியைக் கழற்றிக் கொடுத்தான். ஐரீன் தைல பாட்டிலையும் எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

ஜாடிகள் ஜோடியாகத்தான் விற்றன என்று ஐமான் சொன்னான். யார் வாங்கினார்கள் என்று தெரியாது. வாங்கியவர் வீட்டில் எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்களோ.

காமினி இப்போது அயர் ஈத்தாமில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறாள். என்னோடு வா என்று கூப்பிட்டேன். உன் வீட்டில் சத்தம் அதிகம் என்றாள், உண்மைதான். குகனும் கூப்பிட்டான், போகவில்லை. ஒரு விளக்கு வைத்திருக்கிறாள். அதன் பக்கத்தில் அந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். ஆங்கிலத்தில் இருப்பதால் அவளால் படிக்க முடியாது. எந்த வரியில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியும். கடைசி வரியில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள்.

தினம் காலை கடை திறந்ததும் அவளைக் கூப்பிடுவேன். இரண்டு நிமிஷம்தான், சாப்பிட்டாயா, மழையா, அவ்வளவுதான். போன மாதம் ஒரு நாள் அவள் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆறு தடவை கூப்பிட்டேன். அடுப்பை அணைத்து, பக்கத்துக் கடைக்காரியிடம் மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஏப்ரனோடு டாக்சியில் ஏறினேன். அவள் பிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் முட்டிக்கால் எப்படி ஏழு மாடி ஏறியது என்று அல்லாவுக்குத்தான் தெரியும். கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன்.

கதவைத் திறந்தாள். முழங்கைவரை புளி. கையில் தேங்காய் நார். அன்றைக்குக் கார்த்திகை, விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் போன் கேட்கவில்லை.

"என்னாச்சு லைலா? கடை?"

எனக்கு மூச்சு வாங்கியது. வைய வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நீ போயிட்டியோன்னு பயந்துட்டேன்டி," என்றேன்.

புளித்தண்ணீர் அவள் முழங்கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. காமினி கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"உள்ள வா," என்றாள். "மெதுவா வா. தரை வழுக்கும்."